டொஸ் காலத்து பில் புரோகிராமைப் புது பிரின்டரில் அடிக்க வைப்பது

கடைக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. ஸ்டொக்கும் கடன் கணக்கும் மட்டும், விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்தில் ஃபொக்ஸ்ப்ரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய பழைய புரோகிராமில் கிடக்கின்றன. திரையில் எல்லாம் வடிவாக ஓடுகிறது, பில்தான் வருகுதில்லை. பெரும்பாலும் பிரின்டரில் பிழை இராது.

அந்தப் புரோகிராமுக்கு விண்டோஸில் பூட்டிய பிரின்டர் எதுவும் தெரியாது. எல்பிடி1 என்ற பழைய பரலல் போர்ட்டுக்கு எழுத்துகளைத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: எழுத்து பிரின்டர் வரை போகிறதா, போனால் அதற்கு விளங்குகிறதா, விளங்கினாலும் கடதாசி வெளியே வருகிறதா.

தொடங்க முதல் டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். (கீழே தமிழில் எழுதியுள்ள கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.)

படி 1: என்ன விண்டோஸ், என்ன பிரின்டர்

செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். 64 பிட் விண்டோஸில் டொஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே இல்லை. அப்படியானால் விண்டோஸுக்குள் பழைய டொஸ் கணினிபோல நடிக்கும் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்ற புரோகிராம் தேவை. அது இலவசம்.

பிரின்டரைப் பொறுத்தவரை, எப்சன் எல்எக்ஸ்-310, எல்க்யூ-310 போன்ற, ரிப்பனில் ஊசியால் குத்தி அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ் என்றால் பாதி வேலை முடிந்தது. பழைய புரோகிராம்கள் பேசும் எப்சன் குறியீடுகள் அவற்றுக்கு விளங்கும். மலிவான லேசர் பிரின்டர்கள் பலவற்றுக்கு வெறும் எழுத்தே விளங்காது. பக்கத்தைப் படமாக்கிக் கொடுப்பது விண்டோஸ் டிரைவரின் வேலை. மூன்று பிரதிக் கடதாசியில் பில் கொடுக்கும் கடை என்றால் லேசரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊசி குத்தினால்தான் அடிப்பிரதியில் எழுத்து விழும்.

படி 2: டொட் மேட்ரிக்ஸ் என்றால்

பிரின்டரை வழமைபோல் நிறுவி, பிரின்டர் புரொப்பர்ட்டீஸில் ஷெயரிங் பக்கத்துக்குப் போய், இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்றைக் கொடுத்துப் பகிருங்கள். ‘பில்’ என்றே வைக்கலாம். பிறகு கமாண்ட் ஜன்னலில்:

நெட் யூஸ் எல்பிடி1: \\கணினியின்பெயர்\பில் /பெர்சிஸ்டன்ட்:யெஸ்

நிர்வாகியாகத் திறந்த ஜன்னலில் தட்டினால் அந்த இணைப்பு புரோகிராமுக்குத் தெரியாமல் போகலாம். சாதாரண ஜன்னலே போதும். பிழை 53 வந்தால் கணினியின் பெயரையும், 67 வந்தால் பகிர்ந்த பெயரையும் சரிபாருங்கள். 85 என்றால் எல்பிடி1 ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது. நெட் யூஸ் எல்பிடி1: /டிலீட் என்று விடுவித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். சோதிக்க: எக்கோ வணக்கம் > எல்பிடி1. இந்த ‘வணக்கம்’ என்பதையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், தமிழில் தட்டினால் குப்பைதான் விழும்.

64 பிட் கணினியில் இதைச் செய்த பிறகு, டொஸ்பொக்ஸ்-எக்ஸின் கொன்ஃபிக் கோப்பில் பரலல் பகுதியில் பரலல்1=ஃபைல் டெவ்:எல்பிடி1 என்று சேர்க்க வேண்டும்.

பழைய டொட் மேட்ரிக்ஸைப் புதுக் கணினியில் பூட்ட யூஎஸ்பி-பரலல் கேபிள் வாங்கினால் எல்பிடி1 தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது யூஎஸ்பி001 என்ற போர்ட்டாகத்தான் தெரியும். மேலே சொன்ன பகிர்வு வேலை அதற்கும் உண்டு.

படி 3: லேசர் அல்லது இங்க்ஜெட் என்றால்

இங்கே நெட் யூஸ் வேண்டாம். டொஸ்பொக்ஸ்-எக்ஸுக்குள்ளேயே ஒரு போலி எப்சன் பிரின்டர் இருக்கிறது. எழுத்தை அது வாங்கிப் படமாக்கி விண்டோஸிடம் கொடுக்கும். அதன் கொன்ஃபிக் கோப்பில் பரலல் பகுதியில் பரலல்1=பிரின்டர் என்று எழுதி, பிரின்டர் பகுதியில் பிரின்டர்=ட்ரூ, பிரின்ட்அவுட்புட்=பிரின்டர் என்று வையுங்கள். அகலமும் உயரமும் அங்குலத்தின் பத்தில் ஒன்றில் கணக்கு: ஏ4 இற்கு 83, 117.

அதே பகுதியில் டைம்அவுட்=3000 என்று கொடுப்பது முக்கியம். கடதாசியைத் தள்ளு என்பதற்கு 12 ஆம் இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. தொடர்கடதாசிக்கு எழுதிய பில் புரோகிராம்கள் பல அதை அனுப்புவதில்லை, சில வரி நகர்த்திவிட்டு நின்றுவிடும். பக்கம் நிரம்பும்வரை பிரின்டர் காத்திருக்கும். பிறகு இரண்டு வாடிக்கையாளரின் பில்லும் ஒரே தாளில் வரும். டைம்அவுட் கொடுத்தால் மூன்று விநாடி எதுவும் வராதபோது தாள் தானாக வெளியேறும்.

சில அலுவலக லேசர்கள் பிசிஎல் என்ற பிரின்டர் கட்டளை மொழி பேசும். நேரே அனுப்பினாலும் எழுத்து விழும். ஆனால் கடைப்பெயரைத் தடித்த எழுத்தில் அடிக்க எப்சனுக்கு அனுப்பும் எஸ்கேப்-ஈ என்ற அதே குறியீடு பிசிஎல்லில் ‘எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவா’ என்று அர்த்தம். முதல் இரண்டு வரியோடு ஒரு தாள், மிச்சம் அடுத்த தாளில் என்று வந்தால் காரணம் இதுதான். அந்த பிரின்டரையும் போலி எப்சன் வழியாகவே அடியுங்கள்.

அறிக்கைகளின் கடைசி நாலைந்து வரி மட்டும் அடுத்த தாளுக்குப் போனால், 11 அங்குலத் தொடர்கடதாசிக்கு 66 வரி என்று புரோகிராமில் எழுதியிருக்கிறது. லேசர் தாளின் மேல்கீழ் ஓரங்களில் அடிக்காது. புரோகிராமின் செட்டப்பில் பக்க நீளம் கேட்கும் இடத்தில் 60 என்று மாற்றிவிடுங்கள்.