மூழ்கிய கப்பலைப் பார்க்க 30 மீட்டர்: காற்றுக் கணக்கை பெங்களூருவிலேயே போட்டுவிடுங்கள்

மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அந்தக் கப்பல் டெக்னிக்கல் பயிற்சி முடித்தவர்களுக்கு. இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டரோடு 30 மீட்டர் வரை இறங்குகிறவர்களுக்கு.

முதல் வேலை பெங்களூரு நீச்சல்குளத்தில். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரோடு 3 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் சீராக நீந்துங்கள். சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் 22 பார் (பார் என்பது அழுத்த அலகு) இறங்கினால் செலவு 22 × 11.1 = 244 லிட்டர், நிமிடத்துக்கு 24.4. இதை அங்குள்ள அழுத்தத்தால் வகுக்க வேண்டும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தமே சுமார் 0.9 பார்தான். 10 மீட்டருக்கு 1 பார் வீதம் தண்ணீரின் 0.3 சேர்த்தால் 1.2. ஆக, கடல்மட்ட அழுத்தத்தில் உங்கள் மூச்சு நிமிடத்துக்கு சுமார் 20 லிட்டர். பழக்கத்தில் 1.3 என்று வகுத்தால் 19க்கும் கீழே வரும். அந்தப் பொய்க்கணக்கோடு கடலில் இறங்கக் கூடாது.

30 மீட்டரில் அழுத்தம் 4 பார். அதே மூச்சுக்கு அங்கே நிமிடத்துக்கு 80 லிட்டர் போகும்.

அடுத்து, தொடக் கூடாத இருப்பு. துணைக்கு வந்தவரின் காற்று தீர்ந்து, இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் இழுப்பதாக வையுங்கள். கீழே நிலைமையைச் சமாளிக்க 1 நிமிடம்: 240 லிட்டர். 5 மீட்டர் வரை 3 நிமிட ஏற்றம், சராசரி 2.75 பாரில்: 495. அங்கே 3 நிமிட நிறுத்தம்: 270. மேலே வர 75. மொத்தம் 1,080 லிட்டர், அதாவது சுமார் 100 பார். கேஜில் 50 வந்தால் ஏறலாம் என்ற பழைய வழக்கம் இந்த ஆழத்துக்கு உதவாது.

200 பார் நிரப்பிய சிலிண்டரில் மிச்சம் 100 பார், சுமார் 14 நிமிடம். இறங்கும் நேரமும் அதில் அடக்கம். நங்கூரக் கயிற்றிலிருந்து 5 நிமிடத் தொலைவில் இருந்தால் 140 பாரிலேயே திரும்புங்கள். 100ல் கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் தேடத் தொடங்கினால் காரியம் கெட்டது.

கப்பலுக்குள் நுழைய ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி (போக ஒன்று, வர ஒன்று, இருப்பு ஒன்று) போதும் என்பார்கள். 200 பாரில் 67 செலவழித்து உள்ளே போய்விட்டீர்கள், துணைக்குக் காற்று இல்லை என்று வையுங்கள். மீதி 133ஐ இருவர் இழுத்தால் வாசலுக்கு வரும்போது கேஜ் பூஜ்யம், தலைக்கு மேல் 30 மீட்டர் தண்ணீர். இருட்டும் கிளம்பிய சேறும் இல்லாமலே இந்த நிலை. இரட்டை சிலிண்டரும் வழிகாட்டிக் கயிறும் அதற்கான பயிற்சியும் இல்லாமல் உள்ளே போகவே வேண்டாம். சுவர், தளம், புரொப்பெல்லர் எல்லாம் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

படகில் ரெகுலேட்டரில் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) நாலு முறை ஆழமாக இழுத்தபடி கேஜ் முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே காற்று தாராளமாக வரும், 30 மீட்டரில் திணறும். இப்போதுதான் நிரப்பிய சூடான சிலிண்டர் ஆறினால் அழுத்தம் குறையும். ஆறியபின் வரும் எண்ணை வைத்தே கணக்கைத் திருத்துங்கள். கேஜ் குழாயை மார்போடு கிளிப் போடுங்கள். தொங்கினால் கிழிந்த வலையில் மாட்டும். கத்தி இரு கையும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

புதுச்சேரியில் டைவ் அடித்துவிட்டு காரில் திரும்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஓசூர் ஏற்றமும் உயரம்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகலாம்; 600 மீட்டருக்கு மேல் போவதை விமானப் பயணம் போலவே எண்ணுங்கள். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருங்கள். ஞாயிறு காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால் திங்கள் காலை 5 மணிக்குத்தான் புறப்பாடு. ஆபீசில் அரை நாள் லீவை முன்பே சொல்லிவிடுங்கள்.