கையெழுத்துக்குப் பிறகு கேட்பது சம்மதம் ஆகாது

பழங்குடிகள் வாழும் இடத்தில் வெளிநாட்டு நிதியோடு அணையோ சுரங்கமோ சாலையோ வரும்போது நடக்கிற முதல் தவறு இதுதான்: எல்லாவற்றையும் முடிவு செய்து, கடனுக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு, அப்புறம் ஊருக்குப் போய் "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பது. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-இல் 45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டபோது, யார் யார் வெளியேற வேண்டும், அவர்களுக்கு நிலம் எங்கே என்ற கணக்கே சரியாக எடுக்கப்பட்டிருக்கவில்லை. வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் இதைத்தான் கடுமையாகச் சொன்னது.

அடுத்தது பட்டா. காகிதம் இருந்தால்தான் நிலம் என்று கணக்கெடுப்பைத் தொடங்கவே கூடாது. நர்மதைப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக உழுதுவந்த பில், தட்வி பழங்குடிக் குடும்பங்கள் பல, பதிவேட்டில் வெறும் ஆக்கிரமிப்பாளர்கள். நிலம் இழப்பவர்களுக்குக் குறைந்தது 5 ஏக்கர் என்று நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979-இலேயே சொல்லியிருந்தும், பட்டா இல்லாதவர்கள் அந்த உரிமைக்காகப் பல வருடம் போராட வேண்டியிருந்தது. இலுப்பைப் பூவும் விறகும் ஆற்று மீனும் மேய்ச்சலும் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஒழுங்காக ஏறுவதில்லை, ஆனால் பஞ்ச காலத்தில் அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றுவது அவைதான்.

தண்ணீரில் மூழ்குபவர்களை மட்டும் எண்ணுவதும் தவறு. கால்வாய்க்கு நிலம் போனவர்கள், அணைக்குக் கீழே மீன்பிடித்தவர்கள், 1960களில் அணைக்கு அருகே கெவாடியாவில் திட்ட ஊழியர் குடியிருப்புக்காக நிலம் கொடுத்தவர்கள், இவர்களுக்கெல்லாம் மூழ்கிய ஊர்க்காரர்களுக்கு இருந்த உரிமை கிடைக்கவில்லை.

ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, அதோடு சுரங்கம் நின்றது. உண்மையில் பெரிய வெற்றி. ஆனால் அங்கேயும் அடிவாரத்தில் அந்த பாக்சைட்டை நம்பி அலுமினா ஆலையை முன்பே கட்டிவிட்டார்கள். பழங்குடிகளின் உரிமைகள் பற்றிய 2007-இன் ஐ.நா. பிரகடனம் "முன்கூட்டியே" சம்மதம் பெறச் சொல்வது இதனால்தான்.

நிதி கொடுப்பவர்கள் செய்யும் கடைசித் தவறு, கடன் நின்றால் பொறுப்பும் முடிந்தது என்று நினைப்பது. 1993-இல் இந்தியா சர்தார் சரோவருக்கான மீதிக் கடனை வேண்டாம் என்றது, உலக வங்கி விலகியது, அணை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 2019-இல் நீர் அணையின் முழு மட்டமான 138.68 மீட்டரைத் தொட்டபோதும் மத்தியப் பிரதேசத்தில் மறுவாழ்வு கிடைக்காத குடும்பங்கள் கரையில் இருந்தன.