டெனாலி மலையைப் பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்ஸ் போகும் ‘டெனாலி ஸ்டார்’ ரயிலில் ஏறுகிறீர்களா? வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னலைக் கேட்டுப் பாருங்கள். திரும்பி வரும்போது வலது பக்கம். 20,310 அடி உயர டெனாலி மலை அந்தப் பக்கம்தான். வழியில் வரும் டல்கீட்னா ஊரைத் தாண்டியதும் செல்போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். ஆனால் மலை பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும், கண்ணில் படுவது அதிர்ஷ்டம்தான்.

அப்புறம், ஹரிக்கேன் கல்ச் பாலத்தைத் தவறவிடாதீர்கள். கிட்டத்தட்ட 300 அடி பள்ளம், அடியில் நூல் மாதிரி ஓர் ஓடை. இதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கண்ணாடி வழியாகப் படம் எடுத்தால் நம் சட்டையே மலைமேல் பேயாகத் தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கண்ணாடிக் கூரைப் பெட்டியான ‘கோல்டுஸ்டார்’ வகுப்பில் மாடியில் திறந்தவெளித் தளமும் உண்டு. காசு கூடுதல்தான், ஆனால் படப்பிரியர்களுக்கு அது பணம் போட வேண்டிய இடம். ஜூலையிலும் அங்கே காற்று காதைக் கிள்ளும், குல்லா எடுத்துப் போங்கள்.

356 மைல், சுமார் 12 மணி நேரம். ஒரே மூச்சில் போக வேண்டாம், டெனாலி தேசியப் பூங்காவில் இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் மேகம் மூடினாலும் மறுநாள் இருக்கிறதே! இந்த ரயில் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் தினமும் ஓடும்.