'தி' எங்கே, 'எ' எங்கே: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சாயங்காலம் என்னிடம் ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் மீடியம், மீதிப் பேர் மலையாள மீடியம். பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது சகஜம். கடைத்தெருவில் ஒரே மூச்சில் இரண்டு மொழியும் பேசுகிற பிள்ளைகள், ஆங்கிலத்தில் 'தி' என்ற சின்னச் சொல்லிடம் வந்ததும் திணறுகிறார்கள். தமிழிலும் அது இல்லை, மலையாளத்திலும் இல்லை. "பஸ் வந்துடுச்சு" என்றாலே, காத்திருந்த பஸ்தான் என்று பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் 'தி பஸ்' என்றே சொல்லியாக வேண்டும்.

அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. "புத்தகம் படித்தேன்", "புத்தகத்தைப் படித்தேன்" இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, பேசுகிற இருவருக்கும் தெரிந்த புத்தகம். அந்த 'ஐ' உருபு வருகிற இடத்தில் 'தி' போட்டால் பெரும்பாலும் சரியாக அமையும். ஆட்களுக்கு இது செல்லாது. யாராக இருந்தாலும் "பையனைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வோம். முன்னால் 'ஒரு' நின்றாலும் செல்லாது.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த அன்று மலையாள மீடியம் பிள்ளைகள் மட்டும் விழித்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் உயிரில்லாத பொருளுக்கு அந்த உருபு பொதுவாக ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் "புஸ்தகம் வாயிச்சு"தான். அவர்களுக்கு வேறு வழி சொன்னேன்: கேட்பவர் "எந்தப் புத்தகம்?" என்று திருப்பிக் கேட்பாரா? கேட்பார் என்றால் 'எ', கேட்கமாட்டார் என்றால் 'தி'. இப்போது எல்லாருக்குமே இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்த வில்லங்கம் நம்முடைய 'ஒரு'. "ஒரு ஆள் வந்தார்" என்பதை 'ஒன் மேன் கேம்' என்று எழுதினால், இரண்டு பேர் அல்ல, ஒரே ஒருவர் என்று எண்ணிச் சொன்னதுபோல் ஆகிவிடும். அங்கே 'எ மேன்' போதும். "ஒரு பத்து பேர் இருப்பாங்க" என்பதில் வரும் 'ஒரு' எண்ணிக்கையே இல்லை, உத்தேசம். அதற்கு 'அபவுட் டென் பீப்பிள்'.

'மை ஒன் ஃப்ரெண்ட்' என்பதைப் படித்தவர்கள் வாயிலும் கேட்கிறேன். "என் ஒரு ஃப்ரெண்ட்" என்பதை அப்படியே தூக்கிவைத்தது. இங்கேயும் அந்த 'ஒரு', ஆங்கிலத்தில் 'எ'தான். 'மை', 'தி', 'எ', 'தட்' எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுபவை; ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றதற்கு இடமில்லை. 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' அல்லது 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று சுற்றித்தான் வர வேண்டும்.

'எ'வா 'ஆன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காதால் கேளுங்கள். 'ஆன் அவர்' (hour: எழுத்தில் 'h' உண்டு, ஒலியில் இல்லை), ஆனால் 'எ யுனிவர்சிட்டி' (எழுத்தில் 'u', ஒலியில் 'யு'). உயிருக்கு முன் 'ஓர்' என்று எழுதப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நம் நாக்கு ஒரு குறும்பு செய்யும். எம்எல்ஏவை 'யெம்மெல்லே' என்று சொல்வதால் 'எ எம்எல்ஏ' சரிபோலத் தோன்றும். 'ஆன் எம்எல்ஏ'தான் சரி.

'எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதுவதற்குச் சாக்கே கிடையாது. தமிழிலும் 'ஒவ்வொரு மாணவரும்' ஒருமைதானே. 'எ ஃபியூ' என்றால் சில பேர் வந்தார்கள். வெறும் 'ஃபியூ' என்றால் சில பேர்தான் வந்தார்கள். அந்த 'தான்' தரும் ஏமாற்றத்தை ஆங்கிலத்தில் 'எ' இல்லாமை தருகிறது.

ஊர், மாநிலப் பெயருக்கு 'தி' வேண்டாம்: பாலக்காடு, கேரளா. ஆற்றுக்கு வேண்டும்: தி பாரதப்புழா. மலைத்தொடருக்கும் வேண்டும்: தி நீலகிரிஸ். தனிச் சிகரமான ஆனைமுடிக்கு வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு, போகிறவரின் காரியத்தைப் பொறுத்து மாறும். பிள்ளை படிக்கப் போனால் 'டு ஸ்கூல்'. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அப்பா போனால் 'டு தி ஸ்கூல்'.