முதிர்ந்த செல்லும் புளித்த கரைசலும்

மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை மூப்படைய, அதாவது பிரிவதை நிரந்தரமாக நிறுத்த விட்டு, மரபணுத்தொகுதியின் மடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள் இவை. கிருமித்தொற்று, லேபிள் ஒட்டாத குழாய் பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. அவற்றை முதல் மாதத்திலேயே செல்கள் கற்றுக்கொடுத்துவிடும்.

சாயத்தட்டைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைப்பது

மூத்த செல்லை அடையாளம் காண 1995 முதல் புழங்கும் சோதனை, பி.எச். 6-இல் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியை நீலமாகக் காட்டும் சாயம். இந்த நொதி மூத்த செல்லுக்கு மட்டும் உரியதன்று. எல்லாச் செல்களின் லைசோசோமிலும் (செல்லின் செரிமானப் பை) உண்டு, பி.எச். 4-ஐ ஒட்டித்தான் முழு வேகத்தில் ஓடும். 6-இல் தளர்ந்துவிடும். லைசோசோம்கள் பெருத்துக் கிடக்கும் மூத்த செல்லில் மட்டும் நொதி அவ்வளவு இருப்பதால், தளர்ந்த நிலையிலும் நீலம் தெரிகிறது. சோதனையின் உயிர் அந்த 6-இல்தான்.

இது தெரிந்தவர்களே பஃபரைக் கவனமாக 6.0-க்குக் கொண்டுவந்துவிட்டு, பழக்கதோஷத்தில் தட்டை 5% கார்பன் டை ஆக்சைடு ஓடும் இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இரவெல்லாம் வாயு கரைந்து கரைசல் புளிக்கிறது. காலையில் இளம் செல்களும் நீலம். 'சீக்கிரமே மூத்துவிட்டன' என்ற மகிழ்ச்சியில், அதே செல்களில் ஹை-சி (மரபணுத்தொகுதியின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று காட்டும் முறை) நூலகம் தயாரித்து வரிசைப்படுத்தவும் அனுப்பிவிடுவார்கள். சாயத்தின் விலை அற்பம். அதை நம்பிச் செய்த வரிசைப்படுத்தலின் விலை அப்படியல்ல; செல்களை வளர்த்த மாதங்களும் திரும்பி வராது.

செய்ய வேண்டியது: 2% ஃபார்மால்டிஹைடு, 0.2% குளுட்டரால்டிஹைடு கலவையில் 3 முதல் 5 நிமிடம் மட்டும் நிலைப்படுத்துங்கள். கூடினால் நொதியே செத்துவிடும். பி.பி.எஸ். என்ற உப்புப் பஃபரில் இருமுறை கழுவுங்கள். சாயக் கரைசலில் 40 மில்லிமோலார் சிட்ரிக் அமில–பாஸ்பேட் பஃபர், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஃபெர்ரிசயனைடும் தலா 5, சோடியம் குளோரைடு 150, மெக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், நொதி பட்டால் நீலமாகும் எக்ஸ்-கால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். எல்லாம் சேர்த்த பிறகு பி.எச்.-ஐ மறுபடி அளந்து பாருங்கள். தட்டின் விளிம்பைப் பாராஃபிலிமால் மூடி, வாயு இணைப்பே இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் 12 முதல் 16 மணி நேரம். மூடாவிட்டால் கரைசல் வற்றி, எக்ஸ்-கால் படிகமாகி, அதையும் நீலமென்று எண்ணுவீர்கள்.

அதே தட்டில் இளம் செல்களுக்கு இரண்டு குழிகள் ஒதுக்குங்கள்: ஒன்று பி.எச். 6, மற்றொன்று பி.எச். 4. நாலில் எல்லாம் நீலமாக வேண்டும், ஆறில் ஏறக்குறைய ஒன்றும் ஆகக்கூடாது. ஆறிலும் நீலமென்றால் தட்டைக் கொட்டிவிடுங்கள். நெருக்கியடித்து வளர்ந்த இளம் செல்களும் பொய்யாக நீலிக்கும். இடைவெளி விட்டு விதையுங்கள். சாயத்தை மட்டும் நம்பாமல், உட்கரு உறையைத் தாங்கும் புரதமான லாமின் பி1 குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸ்-காலைப் பாலிஸ்டைரீன் குழாயில் வைப்பது

எக்ஸ்-காலைக் கரைக்கப் பயன்படும் டைமெதில்ஃபார்மமைடு குழாயையே கரைத்துவிடும். கண்ணாடி அல்லது பாலிப்ரொப்பிலீன்.

பாசேஜ் எண்ணை வயதாக எழுதுவது

பாசேஜ் என்பது நிரம்பிய செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் விதைப்பது. 1:2 பிரித்தால் மீண்டும் நிரம்ப ஓர் இரட்டிப்பு, 1:8 என்றால் மூன்று. இரண்டு பேரின் 'பாசேஜ் 20' இரண்டு வேறு வயது. ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961-இல் சொன்ன 50 சொச்சம் என்பது இரட்டிப்புக் கணக்கு. ஒவ்வொரு முறையும் எண்ணிப் போடுங்கள்: எடுத்த எண்ணிக்கையை விதைத்த எண்ணிக்கையால் வகுத்து, பத்தின் மடக்கை கண்டு, 3.32-ஆல் பெருக்குவது.

சுண்டெலிச் செல்லில் திட்டுகளைத் தேடுவது

மூத்த மனிதச் செல் சிலவற்றின் உட்கருவில் செறிகுரோமாட்டின் (இறுகச் சுருண்ட டி.என்.ஏ.) திட்டுத்திட்டாகத் திரளும். சுண்டெலியில், டி.என்.ஏ.வைக் காட்டும் டாப்பி சாயத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளிகள் சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுக்கு) ஒட்டிய செறிகுரோமாட்டின். குட்டி எலிக்கும் உண்டு. மூப்புத் திட்டுகளைத் தேட ஐ.எம்.ஆர்.90 போன்ற மனிதச் செல் நல்லது. எல்லா மனிதச் செல்லிலும் அவை தெளிவாக வராது.

பிரியும் செல்லோடு மூத்த செல்லை ஒப்பிடுவது

இதை அனுபவமுள்ளவர்களும் செய்கிறார்கள். பிரியும் செல்கூட்டத்தில் டி.என்.ஏ. நகலெடுப்பவையும் உண்டு, மைட்டோசிஸில் (இரண்டாகப் பிரியும் கட்டத்தில்) இருப்பவையும் உண்டு. மைட்டோசிஸ் குரோமோசோமில் டாட் (தனித்தனி மடிப்புப் பகுதி) எல்லைகளும் ஏ, பி பிரிவுகளும் (இயங்கும், அடங்கிய பகுதிகள்) மறைந்துவிடும். மூத்த கூட்டத்தில் மைட்டோசிஸே இல்லை. ஆக ஹை-சி வரைபடத்தில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு, பிரிவது நின்றதால் வந்தது; மூப்பு அல்ல. சீரத்தைச் சில நாள் 0.2 சதவீதத்துக்குக் குறைத்து ஓய்வுக்கு அனுப்பிய இளம் செல்களை மூன்றாவது மாதிரியாக வையுங்கள். பட்டினி போட்ட செல்லும் சில வேளை நீலிக்கும் என்பதால், இங்கே சாயத்தைக் கேட்காதீர்கள். சீரத்தைத் திருப்பிக் கொடுத்து புது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் எட்யூவை ஒரு நாள் சேர்த்துப் பார்த்தால் போதும்: ஓய்ந்தவை மீண்டும் டி.என்.ஏ. நகலெடுக்கும், மூத்தவை எடுக்காது.