பெரிய டயர் போடும் முன் கியர்பாக்ஸ் சூட்டைப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்ததும் சென்னை முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் எஸ்யூவி வைத்திருந்த எல்லாரிடமும் ஒரே பேச்சுதான், டயரைப் பெரிதாக்கிவிட வேண்டும். நானும் விடவில்லை. என்னுடையது ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, அதோடு வந்த டயர் 265/60 ஆர்18. அதைக் கழற்றிவிட்டு 275/70 ஆர்18 அளவில், சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் டயர் போட்டேன். அடுத்த மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள் சாயங்காலம், ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது மீட்டரில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்தது. வண்டி முனகியது, கியர் மாறவில்லை, பின் சீட்டில் அம்மா. அன்றைக்குப் பட்டதையும், அதன் பிறகு அளந்து பார்த்துச் சரிசெய்ததையும் எழுதுகிறேன். டயர் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

டயரும் ஒரு கியர்தான். இதை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் போதும். டயரின் விட்டம் கூடினால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகிறது, அதே அளவுக்கு இழுவை குறைகிறது, அதாவது பின் ஆக்சிலில் இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனையே மாற்றியது போலத்தான்.

கணக்கு சுலபம். 265/60 ஆர்18 என்றால் டயர் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 159. மேலும் கீழும் சேர்த்து 318. ரிம் 18 இன்ச் என்பது 457.2 மில்லிமீட்டர். கூட்டினால் விட்டம் 775.2. இதே கணக்கில் 265/65 ஆர்18 போட்டால் 801.7, அதாவது 3.4 சதவீதம் அதிகம். 275/65 என்றால் 814.7, 5.1 சதவீதம். நான் போட்ட 275/70 ஆர்18, 842.2 மில்லிமீட்டர், 8.6 சதவீதம். ஆக்சில் விகிதம் 3.73 இருக்கும் வண்டியில், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற கிரவுன் பினியனுக்கு வரும் தண்டு 3.73 முறை சுற்றும் வண்டியில், இந்த டயரைப் போட்டால் அது 3.43 இருக்கும் வண்டி போல நடந்துகொள்ளும். எஞ்சின் அதேதான், எடை கூடிவிட்டது, கியர் மட்டும் நீளமாகிவிட்டது.

இத்தனைக்கும் கிடைத்த உயரம் எவ்வளவு என்று பாருங்கள். விட்டத்தில் கூடியதில் பாதிதான் தரையிலிருந்து கிடைக்கும் உயரம். 67 மில்லிமீட்டர் பெரிய டயரில் எனக்குக் கிடைத்தது மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும். முடிச்சூரில் தண்ணீர் நிற்கும் ஆழத்துக்கு மூன்று சென்டிமீட்டர் எந்த மூலைக்கு?

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. ஓடும் மேசை விசிறிக்கு எதிரே அணைத்த விசிறி ஒன்றை வைத்தால் காற்று பட்டு அதுவும் சுற்றுமே, அதே ஏற்பாடுதான், காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சின் பக்க விசிறி வேகமாகவும் கியர் பக்க விசிறி மெதுவாகவும் சுற்றும்போது அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலில் சூடாக இறங்கும். வேகம் பிடித்த பிறகு உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடும் குறையும். நெரிசலில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது பூட்டுவதே அரிது. பெரிய டயர் போட்டால் வண்டியைக் கிளப்பவே ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்க வேண்டும், வழுக்கலும் கூடும், பூட்டும் நேரமும் தள்ளிப்போகும், மேட்டில் கியர் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறும். இதற்கு மேல் சென்னை வெயில்.

எடையையும் மறக்காதீர்கள். பழைய டயரை வீட்டு எடை மெஷினில் தூக்கி வைத்தேன், 17 கிலோ. புதிய மட் டெரெய்ன் 27 கிலோ. நான்கு சக்கரத்துக்கு 40 கிலோ அதிகம். சும்மா ஏற்றிய மூட்டை என்றால்கூடப் பரவாயில்லை. இது ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்திச் சுழற்ற வேண்டிய எடை, அதிலும் விளிம்பில் இருக்கும் எடை. அதனால் கடையில் அளவை மட்டும் கேட்காமல் எடையையும் கேளுங்கள். தினமும் ஓஎம்ஆரில் ஆபீஸ் போய் வருகிறவருக்கு மட் டெரெய்ன் தேவையே இல்லை. தார் ரோட்டுக்கான ஹைவே டெரெய்ன் போதும், மண் ரோடு போகிறவர் ஆல் டெரெய்ன் எடுக்கலாம். நவம்பர் மழையில் நனைந்த தார் ரோட்டில் மட் டெரெய்ன் பிரேக் பிடிக்கும் தூரம் பயமுறுத்தும்.

டயர் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை, இப்போதைய சூட்டை அளப்பது. வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைத் தரும் ஓபிடி பிளக்கில் செருகும் ப்ளூடூத் கருவி ஒன்று வாங்குங்கள். போனில் ஆப் போட்டதும் எஞ்சின் சூடு வந்துவிடும், ஆனால் பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு தானாக வராது, உங்கள் மாடலுக்கான பிஐடி எண்ணை, அதாவது அந்த அளவைக் கேட்டு வாங்கும் குறியீட்டை, ஆப்பில் சேர்த்தால்தான் வரும். அப்புறம் நீங்கள் தினமும் போகும் வழியிலேயே, அதே நேரத்தில், ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. மேட்டில் கொஞ்ச நேரம் 105 தொட்டு இறங்கினால் கவலையில்லை. 110-க்கு மேலேயே நின்றால் ஆயில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. இப்போதைய சிந்தெடிக் ஆயில் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் போக்கு அதேதான். கம்பெனி டயரிலேயே நெரிசலில் 105 காட்டும் வண்டிக்கு ஒரு இன்ச்கூடப் பெரிய டயர் வேண்டாம், முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது ஆயில். "லைஃப்டைம் ஆயில், மாற்றத் தேவையில்லை" என்று சொல்வதை நம்பி நான் 80,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். பெருங்களத்தூர் சம்பவத்துக்கு மறுநாள் மெக்கானிக் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுக் காட்டினார். புதிய ஆயில் சொட்டு சிவப்பாக, வட்டமாகப் பரவியது. என் வண்டியின் சொட்டு டிகாஷன் நிறத்தில் நடுவில் கறுப்புப் பொட்டோடு நின்றது, கருகிய வாடை மூக்கில் ஏறியது. கீழே திறந்து விட்டால் பாதி ஆயில்தான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கும். அதனால் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் ஒருமுறை மாற்றினோம். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் ஆயிலையே போடுங்கள், "எல்லாத்துக்கும் பொதுவான ஆயில்" வேண்டாம். இப்போதைய பல கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பக்க பிளக்கைத் திறந்து வழிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சூட்டை கருவியில் பார்க்காமல் கையால் தொட்டுப் பார்த்து அளவு வைக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நான் இப்போது 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

கூலர் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான வண்டிகளில் கியர் ஆயில் ரேடியேட்டர் தண்ணீரோடு சூட்டைப் பரிமாறிக்கொண்டு திரும்பும். எஞ்சின் தண்ணீரே 90 டிகிரியில் இருக்கும்போது அதனால் ஆயிலை அதற்குக் கீழே இறக்க முடியாது. அதனால் தனியாகக் காற்றில் குளிரும் தட்டுக் கூலர் ஒன்றை வரிசையில் சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம், ஆயில் முதலில் ரேடியேட்டர் பக்கம் போய், பிறகு கூலருக்கு வந்து, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னே இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் முன்னால், ஒட்டாமல் விரலிடை விட்டு, சொந்த பிராக்கெட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். மெல்லிய தகடுப் பின்னல்களுக்குள் பிளாஸ்டிக் டேகை நுழைத்துக் கட்டுகிற வேலை வேண்டாம், அதிர்வில் அறுத்துவிடும். ஹோஸ் கியர் ஆயிலுக்கென்றே உள்ளதாக இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸ் சூட்டில் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

கூலர் வாங்கும் முன் ஒரு காசில்லாத வேலை இருக்கிறது. முன் பம்பரைக் கழற்றி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பாருங்கள். என் வண்டியில் அங்கே தும்பிச் சிறகும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவினோம், பிரஷர் வாஷர் வேண்டாம், பின்னல் மடங்கிவிடும். அது ஒன்றுக்கே நெரிசலில் ஐந்து டிகிரி இறங்கியது.

இவ்வளவும் டார்க் கன்வர்ட்டர் வண்டிக்கு. உலர் கிளட்ச் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், என்றால் சூடாவது கிளட்ச், ஆயில் கூலர் அதற்கு உதவாது. அதற்கும், பெல்ட்டில் ஓடும் சிவிடி ஆட்டோமேட்டிக்குக்கும் கம்பெனி அளவைத் தாண்டவே வேண்டாம். மேனுவல் வண்டியில் கிளட்ச் பிளேட் அடிவாங்கும், அவ்வளவுதான்.

என் முடிவு, 3 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள். 5-க்கு மேல் போக ஆசையென்றால் கூலர் மட்டும் போதாது, கிரவுன் பினியனையும் மாற்றி விகிதத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், 3.73-க்குப் பதில் 3.92 பக்கம். நம் ஊரில் எல்லா வண்டிக்கும் அது கிடைப்பதில்லை. இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. 17 இன்ச் ரிம்முக்கு இறங்கி 265/65 ஆர்17 போட்டால் விட்டம் 776.3, அதாவது கம்பெனி அளவேதான், ஆனால் பக்கச் சுவர் உயரம், பள்ளத்தில் ரிம் தப்பிக்கும், கியர்பாக்ஸுக்கு ஒன்றுமே தெரியாது. முன் பிரேக் கேலிப்பர் அந்த ரிம்முக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் கடைசியில் 265/65 ஆர்18 ஹைவே டெரெய்னில் நின்றுவிட்டேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பேரம் பேசும்போது டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோட் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள், கம்பெனி எண்ணுக்குக் குறையவே கூடாது. 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும். தயாரித்த வாரம் நான்கு இலக்கத்தில் இருக்கும், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். நான்கையும் மாட்டிவிடாமல் முன் சக்கரம் ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லி, அதை ஒரு மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள், நான்கு சக்கர இழுவை வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு அளவில் ஓடினால், இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் சூடாகும்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே மாடலின் வேறு வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு இருந்தால் அதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் கியர்பாக்ஸ் கிளெய்ம் சிக்கலாகும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும், 3 சதவீதம் பெரிய டயரில் மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103 போவீர்கள்.

வெள்ளத்துக்காக டயர் மாற்றுகிறவர்கள் அதைவிட முதலில் கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ் மூச்சு விடும் பிரீத்தர் குழாய். சூடான கியர்பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அந்தக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும், ஆயில் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். அதை ஹோஸ் போட்டு போனட் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது சின்னச் செலவுதான். மூன்று சென்டிமீட்டர் டயரைவிட அது காப்பாற்றும்.

ஓட்டும் விதத்திலும் நிறைய இருக்கிறது. மேம்பால ஏற்றத்தில் வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, கன்வர்ட்டர் அந்த நேரத்தில் வெந்நீர் அடுப்பாகிவிடும். பிரேக் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஈசிஆர் பக்கம் கடற்கரை மணலில் இறக்காதீர்கள், சில நிமிடத்திலேயே சூடு எகிறும், அதோடு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் மணல் அது.

விளக்கு எரிந்தே விட்டால் ஓரமாக நிறுத்தி, கியரை பார்க்கிங்குக்கான 'பி'-யில் போடுங்கள், ஏ.சி.யை அணையுங்கள், எஞ்சினை அணைக்க வேண்டாம். எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஆயிலைக் கூலருக்கு அனுப்பும். பத்து நிமிடத்தில் இறங்கும். எஞ்சின் தண்ணீர் சூடும் சேர்ந்து ஏறினால் மட்டும் அணைத்துவிடுங்கள்.

புதிய டயர் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குங்கள், காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். அப்புறம் முன்பு குறித்த அதே வழியில் அதே நேரத்தில் மறுபடி ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். எனக்கு பெருங்களத்தூரில் 275/70-ல் 121 காட்டியது, இப்போது 94. போன மாதம் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் மேனுவல் மோடில் இரண்டாவது கியரிலேயே பிடித்து ஏறினோம், ஆறு பேர், ஏ.சி. ஓடியது. உச்சியில் 101 இருந்தது, அம்மா தேநீர் குடித்து முடிப்பதற்குள் 90-க்கு வந்துவிட்டது.