கொல்லைக்கு வந்த பறவையைப் படம் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை. ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தடியில், ஆறுமணிக்குருவி ஒன்று சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது. பச்சை முதுகு, கண்ணோரம் மை தீட்டினதுபோல் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிற பறவை அது. குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். ராமநாதபுரம் கடலோரத்தில் இருக்கிற எங்கள் கொல்லையில் அன்றைக்கு வந்து இறங்கியிருந்தது.

என் கேமரா பீரோவுக்குள் இருந்தது. பேட்டரி சார்ஜரில், போன் மாடியில். ஓடினேன். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தபோது கீல் கிறீச்சென்றது. சருகு மட்டும்தான் கிடந்தது.

கிணற்றடியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பத்தா சொன்னார்: "அது அங்கனதான்ப்பா நின்னுச்சு. நீ ஓடுன சத்தத்துலதான் பறந்துச்சு."

தனுஷ்கோடிக்குப் பூநாரை எடுக்கப் போகும்போது முதல்நாளே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறோம். சொந்தக் கொல்லைக்கு அப்படித் தயாராவதில்லை. அந்த ஒரு படம் போனபிறகு நான் மாற்றிக்கொண்டவற்றை, கேமரா பிடித்துப் பழகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கேமராவுக்கு ஓர் இடம்

பின்கதவு நிலைக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கொஞ்சம் மேலே. கேமராவைத் துணிப்பையில் போட்டு அதில் மாட்டுங்கள். பேட்டரியும் கார்டும் உள்ளேயே இருக்க வேண்டும். சார்ஜ் போடுவது ராத்திரி வேலை. படுக்கப் போகும் முன் திரும்ப மாட்டிவிடுங்கள்.

போன்தான் கேமரா என்றால் இன்னும் சுலபம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை இரண்டு முறை சட்டென்று அழுத்தினால் கேமரா திறக்கும். உங்கள் போனில் திறக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் போய் அதை இயக்கி வையுங்கள். பூட்டைத் திறந்து, கேமராவைத் தேடி, தொட்டு முடிப்பதற்குள் கீரி வேலிக்குள் போய்விடும்.

அப்புறம், கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடற்காற்றில் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை விட்டால் போதும்.

அளவுகளை முன்னாடியே வைத்துவிடுங்கள்

பறவை வந்தபிறகு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுகிற நேரத்தை, நாமே வைக்கிற முறையில் கேமராவை விட்டுவிடுங்கள். சில கேமராக்களில் அது 'எஸ்' (S), சிலவற்றில் 'டிவி' (Tv) என்று இருக்கும். பகலுக்கு 1/1000 நொடி. வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டி வாங்க வேண்டும் என்கிற ஐஎஸ்ஓவை (ISO) ஆட்டோவில் போட்டு, உச்ச வரம்பு 3200 அல்லது 6400. தொடர்ந்து பல படம் எடுக்கும் முறை. ஃபோகஸ் புள்ளி நடுவில் ஒன்றே ஒன்று. அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கண் தெளிவாக வந்துவிட்டால் வால் கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும்.

விடியற்காலை மரநிழலில் 1/1000 ஒத்துவராது, படம் புள்ளிபுள்ளியாகும். பறவை நிற்கும் கணத்தில் 1/250 போதும். அதனால் நான் ராத்திரி மாட்டும்போது 1/250இல் விட்டு, வெயில் ஏறியபிறகு மாற்றுகிறேன்.

நம் பக்கத்து வெள்ளை மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலில் மணல் பளீரென்று இருப்பதால் கேமரா ஏமாந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும்; மணலில் நிற்கும் கொண்டலாத்தி கரிக்கட்டையாக வரும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். போனில் பறவையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலே இழுத்தால் அதே வேலை நடக்கும். போனில் விரலால் ரொம்பப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். சும்மா எடுத்துவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நின்ற இடத்திலேயே முதல் படம்

இதுதான் எனக்கு அப்பத்தா கற்றுக்கொடுத்தது. பார்த்ததும் நில்லுங்கள். தூரமோ, நடுவில் துணிக்கொடியோ, எதுவாக இருந்தாலும் அங்கிருந்தே ஒரு படம் எடுங்கள். சான்றுக்கு அது போதும். அதன்பிறகு நெருங்கலாம்: நேராகப் போகாமல் சாய்வாக, இரண்டு அடி வைத்து நின்று, உடம்பைத் தாழ்த்தி. அது மேய்வதை விட்டுத் தலை தூக்கினால் நீங்களும் அப்படியே நில்லுங்கள். திரும்பக் குனிந்து இரை எடுத்த பிறகுதான் அடுத்த அடி. அது தலை தூக்கியபடியே இருந்தால் அதற்குமேல் போகாதீர்கள்.

ஜன்னல் வழியாக எடுப்பது இன்னும் நல்லது. அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது.

தண்ணீர் வையுங்கள், சருகை விடுங்கள்

நல்ல தண்ணீருக்கு நாமே குடத்தோடு அலைகிற மாவட்டம் இது. பறவைக்கும் அதே பாடுதான். அகலமான மண்தட்டில் இரண்டு அங்குலம் தண்ணீர், நடுவில் ஒரு கல். இதைப்போல் பறவையைக் கூப்பிடும் வழி வேறு இல்லை. முதலில் மைனாவும் தவிட்டுக்குருவியும் வரும், பின்னால் தேன்சிட்டு, செம்போத்து. தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். பூனை பதுங்குகிற புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நீங்கள் எடுக்கும் ஜன்னலிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து அடி தூரம் சரியாக இருக்கும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மேற்கே பார்த்த கொல்லையில் காலையில் வீட்டு நிழலே விழும். நிழல் எங்கே முதலில் விலகுகிறது என்று ஒருநாள் பார்த்து அங்கே வையுங்கள். தட்டுக்கு மேலே சாய்வாக ஒரு காய்ந்த உடைமரக் கொம்பை நட்டால், பறவை இறங்கும் முன் அதில் உட்காரும். நல்ல படங்கள் அங்கேதான் கிடைக்கும்.

கொல்லையின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். ஆறுமணிக்குருவி சருகுக்குள்தான் புழு பூச்சி தேடும். சுத்தமாகப் பெருக்கிய தரையில் அதற்கு என்ன இருக்கிறது?

தவறிவிட்டால்

துரத்தாதீர்கள். அங்கேயே பத்து நிமிடம் உட்காருங்கள், அமைதியானால் பல பறவைகள் அதே இடத்துக்குத் திரும்பும். வரவில்லையென்றால் நினைவு கலையும் முன் எழுதுங்கள்: மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, வால் எப்படி, என்ன நிறம் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது, மணி என்ன, அடித்தது வாடைக்காற்றா, மேல்காற்றான கச்சானா. கோணல்மாணலாக ஒரு படமும் வரையுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் கொல்லைக்கு யார் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று பிடிபடும். எங்கள் வீட்டில் கீரி வருவது மதியம், சமையல் முடிந்து கழுநீர் ஊற்றும் நேரம். இது எனக்கு நோட்டு எழுதியபிறகுதான் தெரிந்தது.

மணல் கொல்லை இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சாயங்காலம் வேலியோரம் ஒரு பாய் அகலத்துக்கு மணலைச் சமப்படுத்தி விடுங்கள். காலையில் தடம் பதிந்திருக்கும். இரண்டு பக்கமும் கால் தடம், நடுவில் கோடு இழுத்தாற்போல் இருந்தால் உடும்பாக இருக்கலாம், அந்தக் கோடு வால். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து, வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் தடம் தெரியாது.

செய்யவே கூடாதவை

கூடு தெரிய வேண்டும் என்று இலையை ஒதுக்காதீர்கள், நீங்கள் போனபிறகு காகம் வந்து பார்க்கும். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். பயணம் செய்து களைத்த ஆறுமணிக்குருவி சில சமயம் சுவரிலோ ஜன்னலிலோ மோதி விழுந்து கிடக்கும். அப்போது படத்தை மறந்துவிடுங்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்து எழுந்து நின்றால் புதரோரம் விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உப்பு

ஆணியில் மாட்டிய கேமராவில் உப்புப் படியும். லென்ஸை உடனே துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். உடல் பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். அடைமழை நாட்களில் ராத்திரி மட்டும் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைத்துவிட்டு விடிந்ததும் மாட்டுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

இந்த வாரம் காக்கையையும் மைனாவையும் வைத்துப் பழகுங்கள். அடுப்படியில் இருந்தபடி, ஒன்று கொல்லையில் இறங்கினதும் நடந்து போய், கேமராவை எடுத்து, முதல் படம் விழும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். எனக்கு முதல்நாள் இருபதுக்கு மேல் ஆனது. இப்போது ஆறு. சருகு மூலையை இன்னும் கூட்டவில்லை, ஐப்பசிக்குக் காத்திருக்கிறேன்.